அரியலூர் பகுதிக் கடல் நத்தைப் புதைபடிவங்கள்

அரியலூர் பகுதிக் கடல் நத்தைப் புதைபடிவங்கள் என்பவை தமிழ்நாட்டின் அரியலூர், பெரம்பலூர், திருச்சிராப்பள்ளி மாவட்டங்களிலும், விருத்தாசலம், புதுச்சேரி ஆகிய ஊர்களை அடுத்த பகுதிகளிலும் உள்ள கிரீத்தேசியக் காலக் கடற்படிவுப் பாறைகளில் கிடைக்கும் வயிற்றுக்காலி இனங்களின் எச்சங்கள் ஆகும். கிரீத்தேசியக் காலம் ஏறத்தாழ 14.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்கி 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் முடிவடைந்தது. அக்காலத்தின் பிற்பகுதியில் இன்றைய தமிழ்நாட்டின் கிழக்குப் பகுதிகள் சிலவற்றைக் கடல் மூடியிருந்தது. அக்கடலில் வாழ்ந்த நத்தைகளின் மென்மையான உடல் அழிந்துவிட்டது. ஓடு மட்டுமே எஞ்சியுள்ளது. இதனால் இவ்வினங்களின் பெயர், உறவு, வாழ்முறை, காலம் ஆகிய அனைத்தும் ஓட்டின் கூறுகளைக் கொண்டே அறியப்படுகின்றன. ஓட்டில் எப்பகுதி எஞ்சியுள்ளது என்பதைப் பொறுத்தே ஓர் இனத்தைப் பற்றி எவ்வளவு உறுதியாகக் கூற இயலும் என்பதும் அமைகிறது.

நிலவியல் பின்னணி

இப்பாறைகள் காவிரி வடிநிலத்தின் மேற்கு விளிம்பில் நிலத்தின் மேல் வெளிப்பட்டுக் காணப்படுகின்றன. இவற்றுக்கு மேற்கே மிகப் பழமையான உருமாறிய பாறைகள் உள்ளன. கடல் அப்பாறைகளின் விளிம்பு வரை வந்து, பல முறை முன்னேறியும் பின்வாங்கியும் மணல், களிமண், சுண்ணாம்பு ஆகியவற்றை அடுக்கடுக்காகப் படியவைத்தது.

இப்படிவுகள் கீழிருந்து மேலாக ஊட்டத்தூர்க் குழுமம், திருச்சிராப்பள்ளிக் குழுமம், அரியலூர்க் குழுமம் எனப் பிரிக்கப்படுகின்றன. இவற்றுக்கு மேலுள்ள நின்னியூர்க் குழுமம் கிரீத்தேசியக் காலம் முடிந்த பின்னர்ப் படிந்தது. இக்குழுமங்கள் மேலும் சிறு பிரிவுகளாக வகுக்கப்பட்டு, அவை காணப்படும் ஊர்களின் பெயரால் அழைக்கப்படுகின்றன. காரை, கருடமங்கலம், சில்லக்குடி, கல்லங்குறிச்சி, கல்லமேடு என்பன அவற்றுட் சில. சாத்தனூரில் காணப்படும் 18 மீட்டருக்கு மேற்பட்ட நீளமுள்ள கல்மரமும் இதே நிலப்பகுதியைச் சேர்ந்ததே ஆகும். கரையில் இருந்த மரங்கள் அடித்துவரப்பட்டுக் கடற்படிவில் புதையுண்டன என்பதற்கு அது சான்றாக உள்ளது.

ஆய்வு வரலாறு

1840களின் தொடக்கத்தில் சென்னை மாகாண ஆட்சிப் பணியில் இருந்த கே, கன்லிஃப் ஆகியோர் புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சிராப்பள்ளிப் பகுதிகளில் புதைபடிவங்களைத் திரட்டினர். அவர்களது தொகுப்பு இலண்டனுக்கு அனுப்பப்பட்டது. அதிலுள்ள முதுகெலும்பற்ற உயிரினங்களை இயற்கையியலாளர் எட்வர்டு ஃபோர்ப்சு 1846 ஆம் ஆண்டில் விவரித்து வெளியிட்டார். இப்பகுதியின் கடல் நத்தைகள் பலவற்றுக்கு முதன்முதலில் அறிவியற் பெயர் இடப்பட்டது இவ்வெளியீட்டிலேயே ஆகும். ஃபோர்ப்சு இட்ட பெயர்களுள் ஒன்று நாட்டிகா பகோடா என்பது. பகோடா என்பது அக்காலத்தில் ஐரோப்பியர் தென்னிந்தியக் கோயில்களைக் குறிக்கப் பயன்படுத்திய சொல்லாகும்.

பின்னர் இந்திய நிலவியல் ஆய்வுத்துறையைச் சேர்ந்த என்றி பிளான்ஃபோர்டு இப்பகுதியை ஆய்ந்து நிலவியல் வரைபடம் உருவாக்கினார். அவரது அறிக்கை 1862 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அதே ஆண்டில் ஆய்வுத்துறையில் சேர்ந்த பெர்டினாண்டு ஸ்டொலிச்கா, தொகுக்கப்பட்ட புதைபடிவங்களை விவரிக்கும் பணியை மேற்கொண்டார். இன்றைய செக் குடியரசின் மொராவியா பகுதியில் 1838 ஆம் ஆண்டில் பிறந்த இவர், இந்தியாவுக்கு வருமுன் ஆசுத்திரியாவின் கோசாவு பகுதியிலுள்ள கிரீத்தேசியக் கால நத்தைகளை ஆய்ந்தவர். தென்னிந்தியக் கிரீத்தேசிய வயிற்றுக்காலிகளைப் பற்றிய இவரது விரிவான தொகுதி 1867 - 1868 ஆம் ஆண்டுகளில் வெளியானது. கல்லச்சில் அச்சிடப்பட்ட நுணுக்கமான படங்கள் அதில் இடம்பெற்றன. ஸ்டொலிச்கா 1874 ஆம் ஆண்டில் மத்திய ஆசியப் பயணத்திலிருந்து திரும்பும் வழியில் லடாக்கில் காலமானார். அவர் வெளியிட்ட விளக்கங்களும் படங்களும் இன்றும் இப்பகுதி நத்தைகளைப் பற்றிய ஆய்வுகளுக்கு அடிப்படையாக உள்ளன.

ஓட்டின் பொது அமைப்பு

நத்தையின் ஓடு ஒரு நீண்ட கூம்புக் குழாய் தன்னைத் தானே சுற்றிக்கொண்டது போன்ற அமைப்புடையது. அதன் முதன்மையான கூறுகள் பின்வருவன:

கருவோடு: ஓட்டின் உச்சியில் உள்ள மிகச் சிறிய பகுதி. இளவுயிரி நிலையில் உருவானது. இதன் அளவும் சுற்றுகளின் எண்ணிக்கையும் அவ்வினத்தின் இளவுயிரி நெடுநாள் கடலில் மிதந்து திரிந்ததா, அன்றி விரைவில் கடலடியில் தங்கியதா என்பதை அறிய உதவுகின்றன. மிக மெல்லியது ஆகையால் புதைபடிவங்களில் இது பெரும்பாலும் உடைந்து போயிருக்கும்.

சுற்றுகளும் இணைவரியும்: குழாய் ஒரு முறை முழுதாகச் சுற்றுவது ஒரு சுற்று எனப்படும். அடுத்தடுத்த சுற்றுகள் தொட்டுக்கொள்ளும் கோடு இணைவரி ஆகும். கடைசியாக உருவான, பொதுவாக அனைத்திலும் பெரிய சுற்று இறுதிச் சுற்று எனப்படுகிறது. அதற்கு மேலுள்ள சுற்றுகள் சேர்ந்து கூம்புச்சுருள் ஆகின்றன.

புற அலங்காரம்: ஓட்டின் மேற்பரப்பில் உள்ள வரிகள், விலா போன்ற மேடுகள், முண்டுகள், முட்கள் ஆகியன. சுற்றின் திசையில் செல்பவை சுருள்வரிகள் என்றும், உச்சியிலிருந்து அடிநோக்கிச் செல்பவை நெடுக்கு மேடுகள் என்றும் வேறுபடுத்தப்படுகின்றன. இவற்றுடன், வாயின் விளிம்பு வளருந்தோறும் விட்டுச்சென்ற மெல்லிய வளர்ச்சிக் கோடுகளும் காணப்படும்.

வாய்: உடல் வெளிவரும் திறப்பு. இதன் வெளிப்புற விளிம்பு வெளியுதடு எனப்படும். சில இனங்களில் வாயின் அடிப்பகுதி நீண்டு ஒரு வாய்க்காலாக அமைகிறது. உயிருடன் இருந்தபோது நீரை உள்ளிழுக்கும் குழல் இதன் வழியே நீண்டிருந்தது. இத்தகைய வாய்க்கால் உடைய இனங்களுள் பல, இரை தேடி உண்பவை.

நடுத்தண்டு: சுற்றுகள் அனைத்துக்கும் நடுவே உள்ள தூண். சில குடும்பங்களில் இதன் மீது மடிப்புகள் உள்ளன. கோயில்களில் ஊதப்படும் சங்கின் வாய்க்குள் நோக்கினால் இத்தகைய மடிப்புகளைத் தெளிவாகக் காணலாம்.

சுழற்சித் திசையைக் குறிப்பதில் தமிழ் வழக்கும் அறிவியல் வழக்கும் மாறுபடுகின்றன. ஓட்டின் உச்சியை மேலாகவும் வாயை நம்மை நோக்கியும் வைக்கும்போது வாய் வலப்புறம் அமைந்தால் அறிவியலில் அது வலச்சுழி ஓடு எனப்படும். நத்தை இனங்களில் மிகப் பெரும்பாலானவை இவ்வகையின. எனினும், இவ்வாறு அமைந்த சாதாரணச் சங்கைத் தமிழ் மரபு இடம்புரி என்றும், மிக அரிதாகக் கிடைக்கும் எதிர்த்திசைச் சங்கை வலம்புரி என்றும் வழங்குகிறது. காஞ்சிபுரம் முதலிய கோயில் நகரங்களில் பெரிதும் போற்றப்படும் வலம்புரிச் சங்கு, அறிவியல் வழக்கின்படி இடச்சுழி ஓடாகும். புதைபடிவங்களைப் பற்றிய விளக்கங்களைத் தமிழில் படிக்கும்போது இவ்வேறுபாட்டை நினைவிற் கொள்ளுதல் வேண்டும்.

குறிப்பிடத்தக்க வகைகள்

டரிடெல்லா

நீண்டு கூர்மையாக, திருகாணி போன்ற தோற்றமுடைய ஓடு. சுற்றுகள் பல. வாய் சிறியது, நீர்க்குழலுக்கான வாய்க்கால் இல்லை. ஓட்டின் மேல் சுருள்வரிகள் ஓடுகின்றன. இனங்களை வேறுபடுத்துவதற்கு முதிர்ந்த சுற்றில் உள்ள வரிகளின் எண்ணிக்கை மட்டும் போதாது. இளஞ்சுற்றுகளில் எந்த வரி முதலில் தோன்றுகிறது, எது பின்னர் வலுப்பெறுகிறது என்பதும், வளர்ச்சிக் கோடுகள் வளையும் முறையும் கருத்திற் கொள்ளப்படுகின்றன. டரிடெல்லா இனங்கள் இன்றும் கடல்களில் வாழ்கின்றன. இவற்றுட் பல கடலடி மண்ணில் ஓரளவு புதைந்து, நீரிலுள்ள நுண்ணுணவை வடிகட்டி உண்பவை.

பக்னெல்லசு அன்கேட்டசு

ஃபோர்ப்சு 1846 இல் ஸ்ட்ராம்பசு அன்கேட்டசு எனப் பெயரிட்ட இனம் பின்னர் பக்னெல்லசு பேரினத்துக்கு மாற்றப்பட்டது. அன்கேட்டசு என்னும் இலத்தீன் சொல்லுக்குக் கொக்கி வடிவானது என்பது பொருள். இப்பேரினத்தின் ஓடு இளமையில் ஒரு தோற்றமும் முதிர்ச்சியில் வேறொரு தோற்றமும் கொண்டது. இளம் ஓட்டில் கூம்புச்சுருளும் அதன் அலங்காரமும் தெளிவாகத் தெரியும். வெளியுதடு மெல்லியதாக இருக்கும். முதிர்ச்சி அடைந்ததும் வெளியுதடு விரிந்து தடித்துவிடுகிறது. மேலும் ஒரு சுண்ணத் தடிப்பு பரவிக் கூம்புச்சுருளை மூடிவிடுகிறது. இதனால் ஒரே இனத்தின் இளம் ஓட்டையும் முதிர்ந்த ஓட்டையும் இரு வேறு இனங்களாகக் கருதும் வாய்ப்பு உண்டு. முதிர்ச்சியில் உதடு விரியும் இப்பண்பை இன்று வாழும் ஐவிரல் சங்கிலும் காணலாம்.

நாட்டிகா வகைகள்

உருண்டையான ஓடும், பெரிய இறுதிச் சுற்றும், அரைவட்டம் போன்ற வாயும் உடையவை. மேற்பரப்பு பெரும்பாலும் வழவழப்பாக இருக்கும். நாட்டிகா குடும்பத்து நத்தைகள் பிற மெல்லுடலிகளின் ஓட்டில் துளையிட்டு உள்ளிருக்கும் உடலை உண்பவை. அவை இடும் துளை வெளிப்புறம் அகன்றும் உட்புறம் குறுகியும் வட்டமாக அமையும். ஆகவே இத்தகைய துளையுடன் கிடைக்கும் ஓடு, தன் சொந்தக்காரன் எவ்வாறு இறந்தது என்பதையும் தெரிவிக்கிறது. மேற்பரப்பில் அலங்காரம் குறைவாக உள்ளதால் இக்குடும்பத்தின் புதைபடிவ இனங்களை வேறுபடுத்துவது கடினம். ஃபோர்ப்சின் நாட்டிகா பகோடாவும் பின்னர் யூசுபிரா என்னும் பேரினத்தில் வைக்கப்பட்டது.

நடுத்தண்டு மடிப்புடையவை

கோசேவியா இண்டிக்கா, ஸ்டொலிச்கா விவரித்த தென்னிந்திய இனங்களுள் ஒன்று. கோசேவியா என்னும் பேரினப் பெயர் ஆசுத்திரியாவின் கோசாவு என்னும் இடப்பெயரிலிருந்து வந்தது. ஓடு வெளித்தோற்றத்தில் இன்றைய கூம்பு நத்தைகளை ஒத்திருந்தாலும், நடுத்தண்டில் உள்ள மடிப்புகள் இதை அவற்றினின்று பிரித்துக் காட்டுகின்றன. நெரினியா என்னும் மற்றொரு வகையில் நடுத்தண்டில் மட்டுமன்றிச் சுற்றுகளின் உட்சுவரிலும் மடிப்புகள் உள்ளன. ஓட்டை நெடுக்காக வெட்டி மெருகிட்டால் மட்டுமே இவை புலப்படும். நெரினியா குடும்பம் கிரீத்தேசியக் காலத்துடன் முற்றாக அழிந்தது.

ஓடு பாதுகாக்கப்பட்ட விதம்

நத்தை ஓடு பெரும்பாலும் அரகோனைட்டு என்னும் சுண்ணக் கனிமத்தால் ஆனது. இது நிலைத்தன்மை குறைந்தது. பாறைக்குள் ஊடுருவும் நீரில் எளிதில் கரையும், அல்லது காலப்போக்கில் கால்சைட்டாக மாறும். சிப்பிகளின் ஓடு பெரும்பாலும் கால்சைட்டால் ஆனதால் நெடுங்காலம் நிலைத்திருக்கும். கல்லங்குறிச்சிச் சுண்ணாம்புக்கல்லில் தடித்த சிப்பி ஓடுகள் மிகுதியாகக் காணப்படுகின்றன. இத்தகைய பாறையில் நத்தை ஓடுகள் குறைவாகக் கிடைத்தால், அக்கடலில் நத்தைகள் குறைவு என உடனே முடிவு செய்துவிட இயலாது. இருந்த ஓடுகள் கரைந்தும் போயிருக்கலாம்.

ஓடு கரையுமுன் அதன் உள்ளே புகுந்து இறுகிய மண், உள்வார்ப்பு எனப்படும் கல்லுருவாக எஞ்சுகிறது. உள்வார்ப்பில் சுற்றுகளின் எண்ணிக்கையும் பொது வடிவமும் தெரியும். புற அலங்காரம், உதட்டின் தடிப்பு, வளர்ச்சிக் கோடுகள் ஆகியவை தெரியா. ஆகவே உள்வார்ப்பை மட்டும் கொண்டு குடும்பத்தையோ பேரினத்தையோ ஓரளவு கூறலாமே அன்றி, இனத்தை உறுதியாகக் கூறுவது அரிது. ஓட்டைச் சூழ்ந்திருந்த மண்ணில் பதிந்த புற அச்சும் சேர்ந்து கிடைத்தால், அதில் வார்ப்பெடுத்து இழந்த மேற்பரப்பை ஓரளவு மீட்க இயலும். உடைத்த கல்லில் உள்வார்ப்பை மட்டும் எடுத்துக்கொண்டு சுற்றியுள்ள கல்லை எறிந்துவிட்டால் இவ்வாய்ப்பு இழக்கப்படுகிறது.

இவ்வகையில் கருடமங்கலத்துச் சுண்ணாம்புக்கல் சிறப்பிடம் பெறுகிறது. நத்தைகள், இருவோட்டு மெல்லுடலிகள் ஆகியவற்றின் ஓடுகள் செறிந்த இக்கல்லில் ஓடுகள் தம் இயல்பான பளபளப்பை இழக்காமல் உள்ளன. வெட்டி மெருகிட்டால் ஓடுகளின் குறுக்குவெட்டுகள் அழகிய வடிவங்களாகத் தோன்றுவதால், இது திருச்சிராப்பள்ளிப் பளிங்கு என்னும் பெயரில் அலங்காரக் கல்லாகப் பயன்பட்டது. உருமாறிய சுண்ணாம்புக்கல்லே உண்மையான பளிங்கு ஆகும். இக்கல் உருமாறாத படிவுப் பாறை. உருமாறியிருந்தால் அதிலுள்ள ஓடுகள் அழிந்திருக்கும். ஓட்டின் மூலக் கனிமம் மாறாமல் இருப்பின், அதிலுள்ள ஆக்சிசன் ஓரிடத்தான்களின் விகிதத்தை அளந்து, நத்தை வாழ்ந்த நீரின் வெப்பநிலையைக் கணிக்கவும் வாய்ப்பு ஏற்படுகிறது.

இதற்கு மாறான எடுத்துக்காட்டு காஞ்சிபுரம் மாவட்டத்தில் உள்ளது. ஸ்ரீபெரும்புதூரைச் சுற்றியுள்ள முற்காலக் கிரீத்தேசியப் படிவுகளில் மென்களிக்கல் அடுக்குகள் காணப்படுகின்றன. ராபர்ட் புரூசு பூட் 19 ஆம் நூற்றாண்டில் இவற்றை ஆய்ந்தார். இவற்றில் தாவர இலைகளின் பதிவுகள் நன்கு அமைந்துள்ளன. அவற்றுடன் அம்மோனைட்டுகள், இருவோட்டு மெல்லுடலிகள் ஆகியவற்றின் பதிவுகளும் கிடைத்துள்ளன. அங்கும் கடல் வந்துபோனது என்பதை இவை காட்டுகின்றன. ஆயினும் ஓடுகள் எஞ்சாமல் தெளிவற்ற வார்ப்புகளே உள்ளதால், அரியலூர்ப் பகுதி ஓடுகளைப் போல அவற்றை நுணுக்கமாக விவரிக்க இயலாது.

காலத்தைக் கணிப்பதில் பங்கு

ஓர் இனத்தைச் சரியாக அடையாளங் காண்பது பெயர் சூட்டுவதோடு நின்றுவிடுவதில்லை. ஸ்டொலிச்கா தென்னிந்தியப் பாறைகளிலிருந்து விவரித்த டரிடெல்லா டிசுபாசா என்னும் இனம், ஆந்திரப் பிரதேசத்தில் ராசமுந்திரிக்கு அருகிலுள்ள துதுகூருவில், தக்காண எரிமலைப் பாறைகளுக்குக் கீழே உள்ள கடற்படிவிலும் குறிக்கப்பட்டது. தக்காண எரிமலைக் குழம்பு கிரீத்தேசியத்தைச் சேர்ந்ததா, அதற்குப் பிற்பட்டதா என்பது 19 ஆம் நூற்றாண்டில் நெடிய விவாதத்துக்குரியதாக இருந்தது. ராசமுந்திரிப் பகுதியின் ஓடுகளை 1860 ஆம் ஆண்டில் விவரித்த இசுலாப்பு, அவற்றைக் கிரீத்தேசியத்துக்குப் பிற்பட்டனவாகக் கருதினார். ஒரே இனம் துதுகூருவிலும் அரியலூர்ப் பகுதியிலும் உள்ளது என்பது எரிமலைக்குக் கீழுள்ள படிவைக் கிரீத்தேசியத்தோடு இணைக்கும் சான்றாயிற்று. எரிமலைப் பாறைகளின் கதிரியக்கக் காலக்கணிப்பு, அக்குழம்பின் பெரும்பகுதி ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன், கிரீத்தேசியம் முடியும் தறுவாயை ஒட்டி வெளிப்பட்டதைக் காட்டியுள்ளது. இத்தகைய சான்றின் வலிமை, இரு இடங்களின் ஓடுகளிலும் உள்ள சுருள்வரிகள் உண்மையில் ஒத்துள்ளனவா என்பதைப் பொறுத்ததே ஆகும்.

இப்பகுதியின் கிரீத்தேசிய உயிரினங்கள் மடகாசுகர், தென்னாப்பிரிக்கா ஆகிய இடங்களின் உயிரினங்களோடும் ஒப்பிடப்பட்டுள்ளன. அக்காலத்தில் இந்தியா தென்னரைக் கோளத்தில், ஆப்பிரிக்காவுக்கும் மடகாசுகருக்கும் அண்மையில் இருந்தது.

பெயரிடுதலில் உள்ள இடர்ப்பாடுகள்

அறிவியற் பெயர் ஒவ்வொன்றும் வகைமாதிரி எனப்படும் குறிப்பிட்ட மாதிரியுடன் பிணைக்கப்பட்டுள்ளது. பிற்காலத்தில் ஐயம் எழுந்தால் வகைமாதிரியையே மீண்டும் நோக்க வேண்டும். 19 ஆம் நூற்றாண்டில் விவரிக்கப்பட்ட மாதிரிகளுட் சில உடைந்தவை, சில உள்வார்ப்புகள். அக்காலத்தில் பல இனங்கள் நாட்டிகா, வொலுட்டா, ஸ்ட்ராம்பசு போன்ற இன்றும் வாழும் பேரினங்களுள் வைக்கப்பட்டன. ஓட்டின் நுண்கூறுகள் மேலும் ஆராயப்பட்டபோது அவற்றுட் பல வேறு பேரினங்களுக்கு மாற்றப்பட்டன. வகைமாதிரி தெளிவற்றதாயின், அது கிடைத்த அதே ஊரின் அதே பாறை அடுக்கிலிருந்து முழுமையான புதிய ஓடுகளைத் திரட்டுவதே தீர்வாகும். எனவே பழைய ஆய்வாளர்கள் குறிப்பிட்ட இடங்கள் இன்றும் அறிவியல் மதிப்பு உடையவை.

சுரங்கத் தொழிலும் பாதுகாப்பும்

அரியலூர்ப் பகுதியின் சுண்ணாம்புக்கல், சிமெண்ட் உற்பத்திக்கு முதன்மையான மூலப்பொருள் ஆகும். சுரங்கங்கள் இரு வகையில் புதைபடிவங்களைப் பாதிக்கின்றன. நிலத்தடியில் மறைந்திருந்த அடுக்குகளை வெளிப்படுத்துவதால் ஆய்வுக்கு உதவுகின்றன. மறுபுறம், வெட்டியெடுக்கப்படும் கல்லோடு ஓடுகளும் அரைக்கப்பட்டு அழிகின்றன. கைவிடப்பட்ட குழிகளில் நீர் நிறைந்து அடுக்குகள் மீண்டும் மறைகின்றன. ஓடைக்கரைகளிலும் வயல்களிலும் இயல்பாக வெளிப்படும் ஓடுகள், மழையாலும் உழவாலும் சிதைகின்றன.

புதைபடிவங்களைப் பற்றிய பொது அறிதலும் குறைவாகவே உள்ளது. 2020 அக்டோபரில் பெரம்பலூர் மாவட்டம் குன்னம் பகுதியில் கிடைத்த உருண்டைக் கற்கள் டைனோசர் முட்டைகள் எனச் செய்தி பரவியது. அவை கடற்படிவில் உருவான கல் திரள்கள் என்றும், அங்குக் கிடைத்தவற்றுள் அம்மோனைட்டுகள் உள்ளன என்றும் நிலவியலாளர்கள் விளக்கினர். அரியலூர் மாவட்டம் வாரணவாசியில் அரசுப் புதைபடிவ அருங்காட்சியகம் அமைக்கப்பட்டுள்ளது. சாத்தனூர்க் கல்மரம் தேசிய நிலவியல் நினைவுச்சின்னமாகப் பேணப்படுகிறது. நிலவியல் மரபிடங்களையும் தொல்பொருள்களையும் காப்பதற்கான சட்ட வரைவொன்றை இந்திய அரசின் சுரங்க அமைச்சகம் 2022 டிசம்பரில் பொதுமக்கள் கருத்துக்காக வெளியிட்டது.

நத்தை ஓடுகளைப் பொறுத்தவரை, இடத்தைக் காப்பதைப் போலவே குறிப்பைக் காப்பதும் இன்றியமையாதது. ஓர் ஓடு எந்த ஊரில், எந்த அடுக்கில், எவற்றுடன் சேர்ந்து கிடைத்தது என்னும் குறிப்பு உடன் இருந்தால், பிற்காலத்தில் அதன் பெயர் மாறினாலும் அது சான்றாகவே நிலைக்கும். குறிப்பின்றி எடுத்துச் செல்லப்பட்ட ஓடு முழுமையானதாக இருப்பினும், அதிலிருந்து வடிவத்தை மட்டுமே அறிய இயலும். காலத்தையோ வாழ்விடத்தையோ உறுதிப்படுத்த இயலாது.